ஸ்போர்ட்ஸ் காரில் தினமும் வேலைக்குப் போக முடியுமா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ரோடு சொல்லும் கணக்கு

காலை எட்டரை மணி, அம்பத்தூர் எஸ்டேட் சிக்னல். ஒரு பக்கம் மாநகரப் பேருந்து, இன்னொரு பக்கம் ஷேர் ஆட்டோ. நடுவில் தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றால் என்ன நடக்கும்? பக்கத்து பைக்கில் இருப்பவர்கள் போனை எடுத்து வீடியோ எடுப்பார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இத வச்சுக்கிட்டு இந்த ரோட்டுல எப்படிப்பா தினமும் ஓட்டுறாங்க?"

சும்மா வேடிக்கைக்காகக் கேட்கிற கேள்வி இல்லை இது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர கார் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதன் பிறகு கார் ஆசை நம்ம பசங்களிடம் இன்னும் கூடியிருக்கிறது. பழைய கார் சந்தையில் சில ஸ்போர்ட்ஸ் கார்கள் புது எஸ்யூவி விலைக்கே கிடைக்கும்போது, 'இஎம்ஐ போட்டு எடுத்துடலாமா' என்ற யோசனை வருவது சகஜம்தான்.

எடுப்பதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமான பதில் என்ன?

முடியும். இன்ஜின் சக்தி அதிகமாக இருப்பது தினசரி ஓட்டத்துக்குப் பெரிய தடை இல்லை. காரின் உயரம், மழைத் தண்ணீர், மாதச் செலவு ஆகிய மூன்றும்தான் பிரச்னை. இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே பதில் வைத்திருப்பவர்கள் ஓட்டலாம். பதில் இல்லாமல் வாங்கினால் கார் பாதி நாள் கவர் போட்டு நிற்கும், இஎம்ஐ மட்டும் தவறாமல் ஓடும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனிப் பிரிவு கிடையாது. ஆர்.சி. புத்தகத்தில் அதுவும் ஒரு மோட்டார் கார்தான். நடைமுறையில் தாழ்வான உடல், இரண்டு கதவு, சக்திவாய்ந்த இன்ஜின், வேகமாகத் திரும்பும்போது சாயாத சஸ்பென்ஷன் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறோம்.

தினமும் ஓட்டுவதற்கென்றே பெயர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்களும் உண்டு. 1964-ல் உற்பத்தி தொடங்கிய போர்ஷே 911-க்குப் பின்னால் சின்னதாக இரண்டு சீட் வைத்தார்கள். 1990-ல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ், சூப்பர் காரையும் சாதாரண கார் போல ஓட்டலாம் என்று காட்டியது. நம் நாட்டிலும் முயற்சி நடந்தது. 1990-களின் இறுதியில் கோவாவில் இருந்து 'சான் ஸ்டார்ம்' என்ற இரண்டு சீட் கார் வந்தது. ஃபைபர் உடல், ரெனால்ட்டின் 1.2 லிட்டர் இன்ஜின், சுமார் 60 குதிரைத்திறன். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டச் சாதாரண கார். ஆனால் பெரிதாக விற்கவில்லை.

ஸ்பீட் பிரேக்கர் தாண்டுமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பு வேகத்தடைக்கு ஓர் அளவு சொல்கிறது. 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அதாவது உயரம் குறைவு, மேடு நீளம். 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்காக வடிவமைத்தது.

இந்தியாவில் 2016-ல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். தரையில் இருந்து காரின் அடிப்பாகம் 13.7 செ.மீ. உயரம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.72 மீட்டர். ஒப்பிட்டால் மாருதி ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 16.3 செ.மீ.

விதிப்படி கட்டிய வேகத்தடையில் மஸ்டாங் ஏறினால், மேடு 3.7 மீட்டர் அகலம் என்பதால் முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுமே மேட்டின் மேல்தான் இருக்கும். சக்கரம் நிற்கும் இடத்தைவிட நடு மேடு சுமார் 5.4 செ.மீ. மட்டுமே உயரம். 13.7 செ.மீ. உயரமுள்ள கார் உரசாமல் போய்விடும்.

இப்போது நம்ம தெருவுக்கு வாங்க. வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று யாரோ சிமெண்ட் கலந்து கொட்டிய மேடு. அகலம் இரண்டு அடி, உயரம் 15 செ.மீ. இருக்கும். இங்கே இரண்டு சக்கரமும் சமதரையில் நிற்க, நடுவில் மேடு முழு உயரத்துக்கு எழுந்து நிற்கும். 15 செ.மீ. மேடு, 13.7 செ.மீ. கார். அடி வாங்காமல் தப்பாது. உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்தால் கார் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

ஆக, ஸ்போர்ட்ஸ் காரைத் தடுப்பது அளவில்லாமல் போட்ட வேகத்தடை. அதே மேடுதான் பின்னால் உட்கார்ந்து போகும் கர்ப்பிணியின் முதுகையும், ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரையும் தூக்கிப் போடுகிறது.

சில விலை உயர்ந்த கார்களில் பட்டனைத் தட்டினால் முன்பக்கம் சுமார் 4 செ.மீ. உயரும் வசதி உண்டு. வாங்கும்போது இது இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். இல்லாதவர்கள் மேட்டில் நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார்கள். அப்படிச் செய்யும்போது பக்கத்தில் பைக் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும்.

அளவில்லாத வேகத்தடை, பள்ளம் பற்றிப் புகார் செய்ய: அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம் என்பதால் 1913-க்கு அழைக்கலாம். ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. நெடுஞ்சாலைத் துறையின் ரோடுகளில் பள்ளம் இருந்தால் 'நம்ம சாலை' செயலியில் போட்டோ எடுத்துப் போடலாம்.

டயர் ஏன் சீக்கிரம் கிழிகிறது?

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., அதில் 65 சதவிகிதம் டயரின் பக்கச் சுவர் உயரம். அதாவது 12 செ.மீ. ரப்பர். பள்ளத்தில் விழும்போது இந்த ரப்பர்தான் அடியைத் தாங்குகிறது.

போர்ஷே 911 கரேரா எஸ் மாடலின் முன் டயர் 245/35 ஆர்20. கணக்குப் போட்டால் பக்கச் சுவர் 8.6 செ.மீ. மட்டும்தான். பள்ளத்தின் விளிம்பில் வேகமாக இடித்தால் டயர் வீங்கும் அல்லது கிழியும், அலாய் வீல் வளையும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் ஒட்டும் திரவம் மட்டும் கொடுப்பார்கள். பக்கச் சுவர் கிழிந்தால் அது உதவாது. ஃப்ளாட்பெட் லாரியை வரவழைத்து ஏற்றித்தான் போக வேண்டும்.

பாடியிலும் அதைச் சுற்றியும் காருக்கான பிரேக், வீல் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. கார் பாகத்துக்குப் பெயர்போன ஏரியா. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் 20 இன்ச் டயர் எல்லாக் கடையிலும் ஸ்டாக் இருக்காது. ஆர்டர் போட்டுக் காத்திருக்கும் நாட்களில் ஓட்ட இன்னொரு வண்டி வேண்டும்.

மழை வந்தால் என்ன செய்வது?

நம்ம மேற்குப் புறநகர் ஏரிகளின் ஊர். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாய் தாழ்வான காரில் பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது. உள்ளே இருக்கும் கம்பி வளைந்து இன்ஜினே போய்விடும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீரில் நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், சாதாரண முழுக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது. 'தொடர் சேதம்' என்று சொல்லி மறுப்பார்கள். அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

நினைவில் வையுங்கள்: தண்ணீரில் கார் நின்றால் சாவியைத் தொடவே கூடாது. தள்ளி வெளியே எடுங்கள், ஃப்ளாட்பெட்டில் ஏற்றி அனுப்புங்கள். இது ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் இல்லை, எல்லா காருக்கும் பொருந்தும்.

டிராஃபிக்கில் கார் சூடாகுமா?

சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பாடியில் இருந்து ஆவடி வரை பீக் அவரில் முதல் கியர், இரண்டாவது கியர்தான். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் இருக்கும். வேகமாகப் போகும்போது வெண்ணெய் மாதிரி மாறும். ஆனால் ஓர் அடி நகர்ந்து நின்று, ஓர் அடி நகர்ந்து நின்று ஓட்டினால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடாகும்.

இதற்கு வழி எளிது. முன்னால் இருக்கும் வண்டியோடு ஒட்டி ஒட்டி நகராமல், ஒரு கார் நீள இடைவெளி கிடைத்த பிறகு நகருங்கள். நீண்ட சிக்னலில் நியூட்ரலில் போடுங்கள்.

இன்னொரு ஆபத்து, உயரமான வண்டிகள். பூந்தமல்லியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளின் டிரைவர் சீட்டில் இருந்து பார்த்தால், பக்கத்தில் ஒட்டி நிற்கும் தாழ்வான கார் கண்ணில் படாமல் போகலாம். லாரியின் இடது பக்க மூலையில் நிற்கவே நிற்காதீர்கள். அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

மாதம் எவ்வளவு செலவாகும்?

புது காராக இருந்தால் முதலில் வரி.

* சுங்க வரி: 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள, முழுமையாகக் கட்டி இறக்குமதி செய்யும் காருக்கு 2025 பட்ஜெட் கணக்கின்படி மொத்தம் சுமார் 110 சதவிகிதம்.
* ஜிஎஸ்டி: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவிகிதம்.
* தமிழ்நாடு ஆயுள்கால வரி: 2023 நவம்பரில் மாற்றியபடி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவிகிதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவிகிதம். 50 லட்ச ரூபாய் காருக்கு இது மட்டுமே சுமார் 10 லட்சம். கிட்டத்தட்ட ஒரு புது ஹேட்ச்பேக் விலை!

பழைய கார் என்றால் இஎம்ஐ. 20 லட்ச ரூபாய் கடன், 10 சதவிகித வட்டி, 5 வருடம் என்று வைத்தால் மாதம் சுமார் 42,500 ரூபாய்.

பெட்ரோல்: தினமும் போக வர 40 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 1,000 கி.மீ. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் காருக்கு சுமார் 5,600 ரூபாய். நெரிசலில் 6 கி.மீ. மட்டும் கொடுக்கும் காருக்கு சுமார் 16,700 ரூபாய். அதிக ஆக்டேன் பெட்ரோல் கேட்கும் கார் என்றால் இன்னும் கூடும். அந்த மாடல் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கையேட்டிலோ மூடியிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ்: இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. 1,500 சிசிக்கு மேல் உள்ள எல்லா தனியார் கார்களுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ஒன்றுதான். 2022-ல் நிர்ணயித்தபடி வருடத்துக்கு 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இனோவாவும் ஃபெராரியும் இதில் சமம். வித்தியாசம் சொந்த சேதக் காப்பீட்டில்தான். கார் மதிப்பு ஏற ஏற பிரீமியம் ஏறும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதிவிகிதம் தேய்மானம் கழித்துத்தான் பணம் தருவார்கள். பம்பர் பிளாஸ்டிக், டயர் ரப்பர். நம்ம ரோட்டில் முதலில் அடி வாங்குவதும் இந்த இரண்டும்தான். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' காப்பீடு 5 வருடம் தாண்டிய காருக்குக் கிடைப்பது கஷ்டம்.

பழைய காரை வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

1. காரை ஜாக்கியில் தூக்கச் சொல்லி அடிப்பாகத்தைப் பாருங்கள். உரசல் கோடு, வளைந்த தகடு, எண்ணெய்க் கசிவு இருந்தால் யோசியுங்கள்.

2. வெள்ளத்தில் நின்ற காரா? சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள், மண் கறை தெரியும். கார்பெட்டுக்குக் கீழே துரு, ஈர வாடை இருக்கிறதா என்று பாருங்கள்.

3. வெளி மாநில நம்பரா? புதுச்சேரி உள்ளிட்ட இடங்களில் பதிவான கார் விலை மலிவாகத் தெரியும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாடு வரியும் கட்ட வேண்டும். டிஎன் 12 பூந்தமல்லி, டிஎன் 13 அம்பத்தூர் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்பே விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

4. சைலன்சர் மாற்றியிருக்கிறதா? வாகனத்தை விதிமீறி மாற்றினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது சிறை. சத்தம், புகை வரம்பு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு.

5. உங்கள் வீட்டுப் பார்க்கிங்கில் இறங்குமா? அபார்ட்மெண்ட் சரிவில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். இரண்டு கதவு காரின் கதவு நீளம் என்பதால், குறுகிய இடத்தில் நிறுத்தினால் இறங்கவே முடியாது.

வேகமா போகலாமா?

சென்னைப் போக்குவரத்துக் காவல் எல்லையில் 2023 நவம்பரில் அறிவித்தபடி கார்களுக்கு அதிகபட்சம் 60 கி.மீ., குடியிருப்புப் பகுதியில் 30 கி.மீ. இந்த வரம்பு 60 குதிரைத்திறன் காருக்கும் 400 குதிரைத்திறன் காருக்கும் ஒன்றுதான்.

வண்டலூரில் இருந்து நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையைப் பார்த்தால் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். சுமார் 62 கி.மீ., அகலமான ரோடு. ஆனால் அதே ரோட்டில் எதிர்த் திசையில் பைக் வரும், மாடு வரும், விளக்கில்லாத டிராக்டர் நிற்கும்.

60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் கார் 17 மீட்டர் போகும். 120-ல் 33 மீட்டர். அதாவது மாட்டைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே மூன்று பேருந்து நீளம் தாண்டியிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். எவ்வளவு விலை உயர்ந்த பிரேக் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

2024 மே 19 அதிகாலை புனேவில் ஒரு போர்ஷே கார் மோதி, பைக்கில் சென்ற இரண்டு ஐடி ஊழியர்கள் இறந்தார்கள். ஓட்டியது 17 வயதுச் சிறுவன். 1,758 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டாமல் அந்தக் காரின் பதிவே முடியாமல் இருந்தது. சிறுவர்கள் ஓட்டி விபத்தானால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் முதல் முறை 5,000 ரூபாய், மீண்டும் செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு.

அப்போ எங்கேதான் வேகமா ஓட்டுறது?

பூந்தமல்லியில் இருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1990 முதல் அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. அதற்கு முன்பு செங்குன்றம் அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்தது. நாட்டின் பழைய பந்தய ஊர்களே நம்ம பக்கத்தில்தான்.

தடத்தில் எதிரே ஆட்டோ வராது, குழந்தை ஓடி வராது. ஹெல்மெட், பயிற்சியாளர், மீட்புக் குழு இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பந்தயம், வேகச் சோதனைக்குச் சாதாரண கார் இன்சூரன்ஸ் செல்லாது.

ஆசையும் வேணும், தினமும் ஓட்டவும் வேணும் - என்ன வழி?

சாதாரண கார் உயரத்திலேயே வேகமான இன்ஜினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் கொண்ட கார்களைப் பாருங்கள். ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 குதிரைத்திறன். அந்த நிறுவனத்தின் ஆலை இருப்பதும் அதே இருங்காட்டுக்கோட்டைதான். பட்ஜெட் அதிகம் என்றால், 2025-ல் குறைந்த எண்ணிக்கையில் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போன்றவை. இரண்டும் விலை 50 லட்சத்தை ஒட்டி. நாலு கதவு இருப்பதால் அம்மா அப்பாவையும் ஏற்றிப் போகலாம்.

யாருக்கு ஓகே, யாருக்கு வேண்டாம்?

இந்த ஐந்து கேள்விக்கும் 'ஆமாம்' என்றால் தைரியமாக எடுங்கள்:

* மழை நாளில் ஓட்ட வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறதா, அல்லது ஆவடி - சென்ட்ரல் மின்சார ரயிலில் போய்விடுவீர்களா?
* வீட்டில் இருந்து ஆபீஸ் வரை உள்ள எல்லா வேகத்தடையையும் அந்தக் கார் உரசாமல் தாண்டியதை நேரில் பார்த்தீர்களா?
* இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் போக, திடீரென்று இரண்டு டயர் வாங்கப் பணம் கையில் இருக்குமா?
* இன்ஜின் புரொடெக்ட் காப்பீடு அந்தக் காரின் வயதுக்குக் கிடைக்குமா?
* 60-ல் போகும்போதும் அந்தக் கார் உங்களுக்குப் பிடிக்குமா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் மற்ற நான்குக்கும் 'ஆமாம்' இருந்தும் பயனில்லை. ஏனென்றால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தினசரி கிடைக்கப்போவது அந்த வேகம்தான். பல நாள் அதுவும் கிடைக்காது.